கடைசிப் பத்து மீட்டர்

திருவனந்தபுரத்தில் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட இன்டர்நெட், அடுக்களையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. இதற்கான மருந்து விலை உயர்ந்த கருவிகளில் இல்லை. சில நூறு ரூபாய் ஒயரில் இருக்கிறது.

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தின் பழைய வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, பின்கட்டு என்று ரயில் பெட்டிகள்போல அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டிக்கொண்டிருக்கும். வலியசாலையிலும், பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைத் தெருக்களிலும் இதே அமைப்புதான். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வசித்துவரும் இந்த வீடுகளைக் கட்டியவர்கள் காற்று வர வழி செய்தார்கள், வெளிச்சம் வர வழி செய்தார்கள். வைஃபை வர வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபைபர் கேபிள் தெருக் கம்பத்திலிருந்து இறங்கி வாசல் வழியாக நுழைகிறது. இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர், ரேழியில் முதலில் கண்ணில் படும் பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டுகிறார். அங்கேயே நின்று வேகத்தைச் சோதித்துக் காட்டுகிறார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஆனால் பிள்ளைகள் படிப்பது பின்கட்டில். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவர் உட்காருவது மாடியில். அங்கே வீடியோ அழைப்பில் முகம் உறைந்துபோகிறது, குரல் துண்டு துண்டாக வருகிறது.

இது அக்ரஹாரத்தின் பிரச்னை மட்டுமல்ல. நகரத்தின் புறப்பகுதிகளில், மரங்கள் சூழ்ந்த வளாகத்தில் வெட்டுகல் சுவர்களோடு நிற்கும் பழைய வீடுகளிலும், 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கை ஒட்டிக் கழக்கூட்டத்தில் எழும்பியிருக்கும் கான்கிரீட் அடுக்குமாடிகளிலும் இதே புலம்பலைக் கேட்கலாம். பல ஊர்களைத் தாண்டி வந்த இணைப்பு கடைசிப் பத்து மீட்டரில் தடுக்கி விழுகிறது.

வாக்குறுதியும் வாசலும்

மற்ற மாநிலங்களைவிடக் கேரளத்தில் இந்தத் தடுமாற்றம் அதிகம் உறுத்துவதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டரைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வதில் அந்த மாநிலம் முன்னோடி. 2002 நவம்பர் 18-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 'அக்ஷயா' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2017 மார்ச்சில் நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் தன் பட்ஜெட்டில், இன்டர்நெட் குடிமக்களின் உரிமை என்று சொல்லி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தரும் கே-ஃபோன் திட்டத்தை அறிவித்தார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் பேசியது. கல்லூரி விடுதியில் செல்போன் பயன்படுத்தும் நேரத்துக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் தனிமை உரிமையோடும் இணைந்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பின் அர்த்தம் ஒவ்வொரு வீட்டிலும் விளங்கியது. கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடக்க, 2020 ஜூன் 1-ல் விக்டர்ஸ் சேனல் வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. சிக்னலைத் தேடிப் பிள்ளைகள் வீட்டுக் கூரைகளில் ஏறி உட்கார்ந்தார்கள்.

பல தாமதங்களுக்குப் பிறகு, 2023 ஜூன் 5-ல் திருவனந்தபுரத்தில் முதல்வர் பினராயி விஜயன் கே-ஃபோனைத் தொடங்கிவைத்தார். சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். மாநில மின்வாரியத்தின் கம்பங்களிலும் கோபுரங்களிலும் ஃபைபர் இழுக்கப்பட்டது. 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பது இலக்கு. முதல் கட்டமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு என்று 14,000 ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்பு. பணம் கட்டுபவர்களுக்கு, தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட மிகக் குறைந்த மாதக் கட்டணம் வரி நீங்கலாக 299 ரூபாய். வேகம் 20 மெகாபிட்.

20 மெகாபிட் என்பது அற்ப விஷயமல்ல. 2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. அதோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 80 மடங்கு. 2023-ல் அந்த வரையறையே 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. நல்ல தரத்தில் ஒரு வீடியோ அழைப்புக்கு 3, 4 மெகாபிட் போதும். ஆக, வாசலில் வந்து விழுவது ஒரு சாதாரணக் குடும்பத்துக்குத் தாராளமாகப் போதுமானது. பற்றாக்குறை வாசலுக்கு உள்ளே ஏற்படுகிறது. அதற்கு அரசாங்கத்திடமும் திட்டம் இல்லை, கம்பெனிகளிடமும் இல்லை.

தூரம் அல்ல, சுவர்

வைஃபை என்பது ரேடியோ. தூரம் இரட்டித்தால் அதன் பலம் நான்கில் ஒரு பங்காகும். அதனால் தூரம்தான் எதிரி என்று தோன்றும். ஆனால் தேனி வேறு பாடம் சொல்கிறது.

2005 ஜனவரியில் மத்திய அரசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அந்தக் காலகட்டத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களைத் தன்னோடு இணைத்தது. கிராமத்து நோயாளி மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் டாக்டருடன் வீடியோவில் பேச முடிந்தது. இத்தனைக்கும் உபயோகிக்கப்பட்டது வீட்டு வைஃபையின் அதே வகை ரேடியோதான். மென்பொருளை மாற்றி, உயரமான கம்பங்களில் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தினார்கள். பல கிலோமீட்டர் தூரத்தை அது தாண்டியது.

பல கிலோமீட்டர் தாண்டும் ரேடியோ கரமனையில் ஏன் பத்து மீட்டர் தாண்டவில்லை? தேனியில் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் வெறும் காற்று. கரமனையில் நடுவில் மூன்று சுவர். உதாரணத்துக்கு ஒரு சுவர் சிக்னலில் பாதியை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது சுவருக்குப் பின் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. தடித்த வெட்டுகல் சுவரும் கம்பி வைத்த கான்கிரீட்டும் பாதிக்கு மேலேயே விழுங்கும். சிக்னல் சுவரைக் குறுக்காக வெட்டிப் போனால் அது கடக்க வேண்டிய கனம் இன்னும் கூடுகிறது. இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதன் பங்குக்குத் தடுக்கும். வெளியே மழையில் நனைந்த பலா மரத்து இலைகள்கூட ரேடியோவுக்குத் தண்ணீர்ச் சுவர்தான்.

ஒட்டுவீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. வரிசையாக ஆறேழு வீட்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்கும் தெருவில், எல்லாம் இந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இதே அலைவரிசையை ஒட்டித்தான். மற்றொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கடக்கும் சக்தி இன்னும் குறைவு.

போனில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரிந்தும் இணைப்பு அறுவதற்குக் காரணம், இது ஒருவழிப் பேச்சு அல்ல என்பதுதான். ரவுட்டர் உரக்கப் பேசுகிறது, போனுக்குக் கேட்கிறது. ஆனால் சின்ன பேட்டரியில் ஓடும் போன் மெல்லிய குரலில் சொல்லும் பதில் ரவுட்டருக்கு எட்டுவதில்லை. ரவுட்டரின் சக்தியை எவ்வளவு கூட்டினாலும் போனின் குரல் உயராது.

கடையில் கிடைக்கும் வைத்தியம்

தொல்லை தாங்காமல் கடைக்குப் போகிறவருக்கு வழக்கமாகக் கிடைப்பது மூன்று ஆலோசனைகள்.

முதலாவது, இன்னும் பெரிய பிளானுக்கு மாறுவது. 20 மெகாபிட்டை 100 ஆக்கினாலும் சுவர் அப்படியேதான் நிற்கிறது. பின்கட்டில் அறுந்தது அறுந்ததுதான், பில் மட்டும் கூடுகிறது.

இரண்டாவது, ரிப்பீட்டர். பிளக்கில் செருகினால் போதும் என்பதால் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு அமோகமாக விற்கிறது. அது செய்வது ஒரே வேலை: ஒருபக்கம் கேட்டதை மறுபக்கம் திருப்பிச் சொல்வது. ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிறது. பெரும்பாலோர் அதை சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். தனக்கே சரியாகக் கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? நடுவழியில், சிக்னல் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில் மாட்டினால் ஓரளவு பலன் உண்டு.

மூன்றாவது, மெஷ். இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் செட். வேலை செய்யும். ஆனால் விலை பல ஆயிரம். பெட்டிகளுக்கு இடையில் வெட்டுகல் சுவர் இருந்தால், அதுவும் ரிப்பீட்டரின் கதையேதான். பெட்டிகளை ஒயரால் இணைத்தால் மட்டுமே அது முழுப் பலனையும் தரும். ஒயர் போடுவது என்று ஆகிவிட்டால், அவ்வளவு விலை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதல் வேலை, காசில்லா வேலை

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ரவுட்டரின் அருகில் நின்று வேகத்தைப் பாருங்கள். பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு இடத்திலும் மோசம் என்றால் குறை கம்பெனியின் லைனில். அவர்களைக் கூப்பிட வேண்டும். முன்னால் நன்றாகவும் பின்னால் மோசமாகவும் இருந்தால் குறை வீட்டுக்குள்.

குறை வீட்டுக்குள் என்றால், மிக மலிவான பரிகாரம் பெட்டியை நகர்த்துவது. டி.வி.க்குப் பின்னாலோ பீரோவுக்கு மேலோ பதுங்கியிருக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். அதற்கு ஃபைபர் உள்ளே வர வேண்டும். முடியாத காரியமல்ல அது. இந்த ஃபைபர் தொழில்நுட்பம் 20 கிலோமீட்டர்வரை செல்லக் கூடியது. வாசலிலிருந்து கூடத்துக்கு இன்னும் 15 மீட்டர் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இணைப்புக் கொடுக்க வரும் அன்றே, "ரேழியில் வேண்டாம், கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பிறகு கூப்பிட்டால் கேபிள்காரர் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். கொஞ்சம் கூலி ஆகும்.

ஃபைபரைத் துணிபோல மடிக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே இருப்பது கண்ணாடி. கூரான மூலைகளில் வளைவாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

ஒயரே கதி

கூடத்தில் வைத்தும் மாடிக்கும் பின்கட்டுக்கும் எட்டவில்லை என்றால், வழி ஒன்றுதான்: லேன் கேபிள். அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1973-ல் பாப் மெட்காஃப் வகுத்த ஈதர்நெட் முறைதான் இன்றும் இந்த ஒயரில் ஓடுகிறது. ஹவாய்த் தீவுகளைக் காற்று வழியே இணைத்த அலோஹா ரேடியோ வலையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. ரேடியோவில் மோதிக்கொண்டதைக் கம்பிக்குள் அடக்கினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு நம் வீடுகளுக்கும் அதே தீர்வுதான் பொருந்துகிறது.

ஒரே இழுப்பில் 100 மீட்டர்வரை இந்த ஒயர் போகலாம். மிக நீளமான அக்ரஹார வீட்டுக்கும் அது போதும். கேட்-5இ, கேட்-6 என்ற இரண்டு வகைகளில் எதுவானாலும் சரி. மீட்டர் 20, 30 ரூபாய் விலையில் வெட்டித் தருகிறார்கள். வாங்கும்போது ஒன்றைக் கேட்க வேண்டும்: சுத்தமான செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? இரண்டாவது வகை மலிவு. ஆனால் வளைத்தால் எளிதில் முறியும், நீளம் கூடினால் தகராறு செய்யும்.

உள்ளே எட்டு இழைகள், நான்கு ஜோடி. பிளக்கில் அவற்றைச் செருக ஒரு வரிசை உண்டு: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனைகளிலும் இதே வரிசை. பிளக்கை அழுத்திப் பொருத்தும் கருவி சில நூறு ரூபாய். அதுவும் வேண்டாம் என்றால் கம்ப்யூட்டர் கடையிலேயே பொருத்தித் தருவார்கள். ஒயரை கரன்ட் ஒயரோடு ஒரே குழாயில் நுழைக்கக் கூடாது. வெளிச்சுவரில் போனால் வெயிலைத் தாங்கும் கருப்பு உறை போட்ட வகை வேண்டும். எலித் தொல்லை உள்ள பரணில் பி.வி.சி. குழாய்க்குள் விடுவது புத்திசாலித்தனம்.

ஒயரின் மறுமுனையில் கம்ப்யூட்டரை நேராகச் செருகலாம். போன்களுக்கும் வேண்டும் என்றால் அங்கே இரண்டாவது ரவுட்டர் தேவை. புதிதாக வாங்க வேண்டியதில்லை. டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் வாங்கிப் பிறகு ஃபைபருக்கு மாறிய வீடுகளில், பழைய மோடம் பரணிலோ அலமாரியிலோ தூசி படிந்து கிடக்கும். அதில் வைஃபையும் லேன் ஓட்டைகளும் இருந்தால் அதுவே போதும்.

செய்ய வேண்டியது நான்கு காரியங்கள். ஒன்று, அதன் முகவரியை மாற்ற வேண்டும்; முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2. இரண்டு, முகவரி வழங்கும் வேலையான டி.ஹெச்.சி.பி.யை நிறுத்த வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை போதும். மூன்று, வைஃபைக்கு முதல் ரவுட்டரின் அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, சேனலை மட்டும் மாற்ற வேண்டும். அது 1 என்றால் இது 11. நான்கு, ஒயரை இரண்டு பக்கமும் லேன் ஓட்டையில் செருக வேண்டும். 'வேன்' என்று குறித்த ஓட்டையில் அல்ல. இவ்வளவுதான். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.-2 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. மட்டுமே தெரிந்த மிகப் பழைய பெட்டியைப் பரணிலேயே விட்டுவிடுவது நல்லது.

பழைய ரவுட்டரின் ஓட்டைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தராது. 20 மெகாபிட் இணைப்புக்கு அது ஐந்து மடங்கு. 20 மீட்டர் ஒயர், இரண்டு பிளக், கொஞ்சம் ஆணி, கிளிப். எல்லாம் சேர்த்தும் 1,000 ரூபாயைத் தொடுவது கஷ்டம்.

இடி மின்னல் ஜாக்கிரதை

இதுவரை சொன்னது ஒரே கூரைக்குள். வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் அவுட்ஹவுசுக்கோ, அடுத்த மனையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ இதே ஒயரைத் தென்னை மரத்தில் கட்டி இழுப்பவர்கள் உண்டு. சென்னையிலோ டெல்லியிலோ அது தப்பித்துவிடக்கூடும். திருவனந்தபுரத்தில் ஆபத்து.

கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்புவதால், கோடையின் கடைசியிலும் துலாம் மாத மழைக் காலத்திலும் கேரளத்தில் பிற்பகல் என்றாலே இடி மின்னல்தான். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிவரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம், மின்சாதனங்களின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்தப் பருவங்களில் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. வெளியே நீண்டு தொங்கும் செம்புக் கம்பியின் மேல் மின்னல் நேரடியாக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே அதில் மின்னழுத்தம் பாய்ந்து, இரண்டு வீட்டு ரவுட்டரையும், அதில் செருகிய டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பொசுக்கிவிடும்.

கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் போக வேண்டியது கண்ணாடி. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியை இழைக்குள் அடைத்து அனுப்பும் கலைக்கு 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்பது நாம் கொஞ்சம் பெருமைப்படக்கூடிய செய்தி. ஒரு முனையில் மின்சிக்னலை ஒளியாக மாற்றவும், மறுமுனையில் ஒளியை மின்சிக்னலாக மாற்றவும் 'மீடியா கன்வர்ட்டர்' என்ற சின்னப் பெட்டிகள் ஜோடியாகக் கிடைக்கின்றன. இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய செலவு. ஃபைபரை ஒட்டுப்போடும் இயந்திரம் உள்ளூர் கேபிள்காரர்களிடம் இருக்கிறது. சிறு கேபிள் டி.வி. ஆபரேட்டர்கள் சேர்ந்து கேரளா விஷன் என்ற நிறுவனத்தையே நடத்தும் மாநிலம் இது, ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஒரு எச்சரிக்கை. வெளியில் இழுக்கும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பியும் ஓடும். அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும். அதை வீட்டுக்குள் இழுத்தால் கண்ணாடி போட்டதன் பயன் போய்விடும். அடுத்த வீட்டோடு இணைப்பைப் பகிர்வதை உங்கள் கம்பெனியின் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் படித்துக்கொள்ள வேண்டும்.

ஒயர் போட முடியாதவர்கள்

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் விட மாட்டார். அவர்களுக்கும் வழி உண்டு. கதவிடுக்கில் புகும் தட்டையான லேன் கேபிள் கிடைக்கிறது, துளை வேண்டாம். கேபிள் டி.வி.க்காக ஏற்கெனவே அறைக்கு அறை ஓடும் கோ-ஆக்சியல் ஒயர் சும்மா கிடந்தால், 'மோக்கா' என்ற அடாப்டர் ஜோடி அதிலேயே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும், விலைதான் அதிகம். கரன்ட் ஒயரிலேயே அனுப்பும் 'பவர்லைன்' அடாப்டர்களும் உண்டு. ஆனால் மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு அறைகள் வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலோ, நடுவில் இன்வெர்ட்டர் குறுக்கிட்டாலோ அவை காலை வாரிவிடலாம். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குவதே உசிதம்.

குறுக்கே மரமோ சுவரோ இல்லாமல் மாடிக்கு மாடி நேராகத் தெரியும் என்றால், தேனி வழி இருக்கிறது. ஒன்றையொன்று நோக்கும் இரண்டு வெளிப்புற ரேடியோக்கள். 2018-லிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் வெளியிடத்தில் லைசென்ஸ் இன்றி, குறித்த சக்திக்குள், பயன்படுத்தலாம். ஆனால் நடுவில் தென்னை ஓலை ஆடினால் இணைப்பும் ஆடும். மாடியில் மாட்டும் கருவி என்பதால் மின்னல் பயமும் உண்டு. இடி இறங்கும் நேரத்தில் அதன் பிளக்கையும் பிடுங்கத்தான் வேண்டும்.

எந்த வழியானாலும், கரன்ட் போனால் எல்லாம் போகும். மழைக் காலத்தில் ஒரு நொடி மின்சாரம் விட்டு வந்தாலே ரவுட்டர் புதிதாக உயிர்த்தெழ ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பரீட்சையோ இன்டர்வியூவோ நடக்கும்போது அது யுகம். ஃபைபர் பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. மின்விசிறியைவிடக் குறைவாகவே மின்சாரம் குடிப்பவை. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் அதற்கு ஒரு பிளக் பாயின்ட் கொடுப்பது, அல்லது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதற்கேற்ற குட்டி யு.பி.எஸ். வாங்குவது, இரண்டில் ஒன்று அவசியம். இரண்டாவது ரவுட்டருக்கும் இது பொருந்தும்.

யார் பொறுப்பு?

தண்ணீர் இணைப்புக் கொடுப்பவர் வாசலில் குழாயை விட்டுவிட்டுப் போனால், அடுக்களைவரை குழாய் போடுவது வீட்டுக்காரர் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு பிளம்பர் இருக்கிறார். மின்சாரத்துக்கு எலெக்ட்ரீஷியன். இன்டர்நெட்டுக்கு மட்டும் அப்படி ஒரு ஆள் இல்லை. காற்றில் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஆளை உருவாகவே விடவில்லை. விவரம் தெரிந்தவர் ஒயர் இழுத்துக்கொள்கிறார், பணம் உள்ளவர் மெஷ் வாங்குகிறார். இரண்டும் இல்லாதவர் போனோடு வாசற்படியில் உட்காருகிறார். இலவச இணைப்புப் பெற்ற வீடுகளில் இந்த மூன்றாவது ரகத்தினரே அதிகமாக இருப்பார்கள் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

மத்தியில் கொஞ்சம் அசைவு தெரிகிறது. கட்டடங்களுக்குள் இணைப்பு எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் கொடுக்கும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. புதிய அடுக்குமாடிகளுக்கு அது உதவலாம். ஏற்கெனவே நிற்கும் வீடுகளுக்கு? இணைப்புக் கொடுக்கும் ஊழியரின் பையில் கூடுதலாக 15 மீட்டர் உள்கேபிள் இருக்க வேண்டும் என்றும், வேகச் சோதனையை வீட்டுக்காரர் வேலை செய்யும் அறையில் நடத்திய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை போதும். கோடிகளில் கம்பம் கம்பமாக ஃபைபர் இழுத்தவர்களுக்கு இது பெரிய செலவல்ல. புதிதாக வீடு கட்டுபவர்கள் சுவர் பூசுவதற்கு முன் அறைக்கு அறை ஒரு வெறும் பி.வி.சி. குழாயைப் பதித்துவைத்தால், நாளை எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அதில் நுழையும்.

அதுவரை, இணைப்பு வாங்குகிறவர் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மெகாபிட்?" என்பதல்ல. "எந்த அறைவரை?" என்பதுதான்.